கண்டியின் சங்கங்களும் சங்கம் மறுக்கப்பட்டவர்களும்

கண்டி வாவியின் கரையில், தலதா மாளிகைக்கு எதிரே, பாதி நீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு வெள்ளைக் கட்டடம் உண்டு. அரசிகள் நீராடுவதற்கென்று எழுந்த மண்டபம் அது. சிங்களத்தில் உல்பென்கே என்பார்கள். 1815-இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். அவன் குடும்பத்துப் பெண்கள் நீராடிய மண்டபத்தின் மேல் ஒரு மாடி எழும்பியது. அங்கே படைத்துறையினரும் சிவில் அதிகாரிகளும் கூடிப் படிக்க ‘யுனைட்டட் சேவிஸ் லைப்ரரி’ என்ற வாசகசாலை வந்தது. பிற்காலத்தில் அதே கட்டடம் பொலிஸாரிடம் போனது.

நீராடு மண்டபம் வாசகசாலையாகி, பிறகு காவல் நிலையமும் ஆன இந்தக் கதையில் கண்டியின் பொதுவாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. அரசன் போன பிறகு அந்த ஊரில் மனிதர்கள் தாமாகக் கூடுவதற்கு யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. காலனிய நகரங்களின் சங்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை சங்கங்கள் இருந்தன, அவை என்ன நற்பணி செய்தன என்றே எழுதுகிறார்கள். கண்டியை அப்படி எழுதினால் உண்மையில் பாதி விடுபட்டுப்போகும். இந்த நகரைச் சுற்றியுள்ள மலைகளில் உழைத்து, அதன் கடைவீதிகளையும் வங்கிகளையும் புகையிரதப் பாதையையும் வாழவைத்த மக்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1848 யூலையில் புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் திரண்டார்கள். ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஓகஸ்ட் 8-ஆம் தேதி கண்டி போகம்பறையில் கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் பௌத்த துறவி குடாபொல தேரர் காவியுடையோடு நிறுத்திச் சுடப்பட்டார். கண்டிநாட்டுக் குடியானவர்கள் கூட்டமாக வருவது கலகம் என்பது அன்றைய ஆட்சியின் கணக்கு.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1854-இல், அதே கண்டியில் கோப்பித் தோட்டத் துரைமார் கூடினார்கள். அவர்களும் அரசாங்கத்தின் மேல் குறையோடுதான் வந்திருந்தார்கள். ஆனால் அவர்கள்மீது எந்தச் சட்டமும் பாயவில்லை. அன்று பிறந்ததுதான் இலங்கைத் தோட்டக்காரர் சங்கம், பிளாண்டர்ஸ் அசோசியேஷன். கொழும்பு தலைநகராக இருக்க, தோட்டக்காரர் தலைமையகம் மலைநாட்டிலேயே அமைந்தது. விக்டோரியா அரசியின் நினைவாகக் கண்டியில் எழுந்த விக்டோரியா கொமமொறேஷன் கட்டடம் பின்னாளில் அவர்களுடைய இருப்பிடமானது.

இந்தச் சங்கத்தைச் சாதாரண வர்த்தகர் கழகம் என்று எண்ணிவிடக் கூடாது. கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறங்கிய காலம் அது. மழையில் பாதை கரைந்தால் அறுவடை முழுவதும் வழியில் கிடக்கும். அதனால் சங்கத்தின் முதல் கவலை பாதை, இரண்டாவது புகையிரதம், மூன்றாவது கூலியாட்கள். இந்த மூன்றையும் விடாமல் அரசாங்கத்தின் காதில் ஓதினார்கள். மகஜர் எழுதினார்கள், பத்திரிகைகளில் வாதிட்டார்கள், சட்ட நிரூபண சபையில் தமக்காகப் பேச ஆள் வைத்தார்கள். 1858-இல் தென்னிந்தியத் தொழிலாளர் குடிபெயர்வை ஒழுங்குசெய்யும் கட்டளைச் சட்டம் வந்தது. 1867-இல் புகையிரதம் கண்டியை எட்டியது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டை மலைகளில் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் இலைநோய் பரவிக் கோப்பி அழியத் தொடங்கியபோதும் சங்கம் அழியவில்லை, பயிரை மாற்றிக்கொண்டு நிமிர்ந்தது. பிறகு 1904-இல் திருச்சிராப்பள்ளியில் ஆள்சேர்ப்பு அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டபோது, தோட்டக்காரரின் கை தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை நீண்டது. சுயவிருப்பில் சேர்ந்த சில நூறு பேரின் சங்கம் ஒரு சமூகத்தையே கடல் கடந்து வரவைத்தது, எங்கே குடியிருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தது.

அந்தக் கூலியாட்கள் எப்படி வந்தார்கள் என்பதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்டவே தேவையில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியோரம் விழுந்தவர்களின் எண்ணிக்கையைப் பற்றி இன்றும் வரலாற்றாளரிடையே வாதம் நடக்கிறது. 1840-களில் மட்டும் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகையே கணித்தது. அந்த எண் மிகையானது என்போரும் இறப்பு பெருந்தொகைதான் என்பதை மறுக்கவில்லை. நோயாளிகள் கண்டி வீதிகளில் கிடந்த அக்காலத்தில் அவர்களைப் பராமரிக்க முன்வந்தது ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி என்ற தர்ம சங்கம். ஏழைகளுக்கு உதவவென்று வெள்ளையரும் பறங்கியரும் நடத்திய அமைப்பு அது. அரசாங்க உதவிப்பணத்தோடு நோயாளிகளுக்கு இடமும் மருந்தும் கொடுத்தது. அந்தப் பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு முழுத் தொழில்துறை தன் வேலையாட்களுக்குச் செய்யவேண்டிய கடமை, சிலருடைய கருணைக்குத் தள்ளிவிடப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்குத் தனிக் கட்டளைச் சட்டம் 1872-இல்தான் வந்தது.

இனி நகரத்துக்குள் வருவோம். 1865-இன் கட்டளைச் சட்டத்தால் கொழும்போடு கண்டிக்கும் மாநகர சபை கிடைத்தது. 1901 குடிசன மதிப்பின்படி நகரத்தில் ஏறக்குறைய 26,000 பேர்தான் வாழ்ந்தார்கள். சிங்களவர், சோனகர், மலாயர், பறங்கியர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞர், நாட்டுக்கோட்டைச் செட்டியார், கரையோர வியாபாரிகள், வெள்ளை அதிகாரிகள் என இத்தனை சமூகங்களும் ஒரு சில வீதிகளுக்குள் நெருங்கி வாழ்ந்தார்கள். சிற்றூருக்குரிய இந்த நெருக்கத்தில்தான் சங்கங்கள் பெருகின. ஒருவர் கோயில் தர்மகர்த்தாவாக இருப்பார், மாநகர சபையில் உட்கார்ந்திருப்பார், மாலையில் விளையாட்டுக் கழகத்திலும் தென்படுவார். 1874-இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகம் இன்றும் றகர் பந்தாட்டத்துக்குப் பெயர்பெற்றது. 1882-இல் கண்டியக் கைவினைகளைக் காப்பதற்கென்று கண்டியக் கலைச் சங்கம் தோன்றியது. 1891-இல் சொசைட்டீஸ் கட்டளைச் சட்டம் வந்து, பரஸ்பர உதவிச் சங்கங்களுக்குச் சட்டப் பதிவு கிடைத்தது. தலைவர், செயலாளர், தனாதிகாரி, யாப்பு, கூட்டக் குறிப்பு என்ற அச்சு ஊரெங்கும் பரவியது.

இந்தச் சங்கங்கள் ஏன் பெரும்பாலும் சமூகவாரியாகப் பிரிந்து நின்றன? அரசாங்கத்தின் காதும் சமூகவாரியாகத்தான் திறந்தது. 1889-இல் சட்ட நிரூபண சபையில் கண்டியச் சிங்களவருக்கு ஓர் ஆசனமும் முஸ்லிம்களுக்கு ஓர் ஆசனமும் ஒதுக்கினார்கள். நியமனம் ஆளுநர் கையில் இருந்தது. எனவே ‘எங்கள் சமூகம் இன்னாரை விரும்புகிறது’ என்று எழுத ஒரு சங்கம் வேண்டியிருந்தது. ஆளுநர் கண்டிக்கு வந்தால் வரவேற்புப் பத்திரம் வாசிக்கவும் சங்கம் வேண்டும். அப்படி ஒவ்வொரு சமூகமும் தன் பெயரில் தனித்தனியே பேசப் பழகியது. மக்களின் குறுகிய மனமே இதற்குக் காரணம் என்று சொல்வோர் அரசாங்கம் போட்ட இந்த வாய்க்காலைப் பார்ப்பதில்லை.

ஆனாலும் அந்த வாய்க்காலுக்குள் அடங்காத மனிதர்கள் இருந்தார்கள். அவர்களில் என்னை மிகவும் கவர்ந்தவர் கண்டியில் 1838-இல் பிறந்த சித்தி லெப்பை. தொழிலால் பிரக்கிராசி, அதாவது வழக்கறிஞர். ஆங்கிலம் படித்தவர். வசதியான வாழ்க்கை அமைந்திருந்தது. அந்த வசதியோடு நின்றிருந்தால் கண்டி நீதிமன்ற வட்டாரத்துக்கு வெளியே யாருக்கும் அவரைத் தெரிந்திராது. 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1885-இல் அவர் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் இதையே குறிப்பிடுகிறார்கள். கண்டி மலைநகரத்து முஸ்லிம் வழக்கறிஞர் ஒருவர் ஈழத்து நாவலின் வாசலைத் திறந்தார் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அவருடைய இதழ் செய்தி கொடுப்பதற்காக மட்டும் வந்ததல்ல. பள்ளிக்கூடம் கட்டவேண்டும், பெண்பிள்ளைகளைப் படிக்கவைக்கவேண்டும், அதற்குப் பணம் சேர்க்கவேண்டும் என்ற ஓயாத தூண்டுதல் அதில் இருந்தது. வாசகர் வட்டமே ஒரு சங்கம்போல இயங்கியது என்று சொல்லலாம். கூட்டம் கூட்ட முடியாத தூரத்தில் இருந்தவர்களை, கண்டியிலும் கொழும்பிலும் கரையோரங்களிலும் சிதறிக் கிடந்தவர்களை, ஒரே விவாதத்துக்குள் அது கொண்டுவந்தது. 1883-இல் எகிப்தின் தளபதி அறபி பாஷா பிரித்தானியரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்தபோது சித்தி லெப்பை அவரோடு கைகோர்த்தார். 1884-இல் கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலைக்குப் பின்னால் இவர்களுடைய உழைப்பு இருந்தது. 1892-இல் அறபி பாஷா கண்டிக்கே குடிவந்து, 1901-இல் நாடு திரும்பும்வரை அங்கே வாழ்ந்தார். ஹல்லொளுவை வீதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவகம். கண்டியில் சித்தி லெப்பை முஸ்லிம் பெண்களுக்கென்று பள்ளிக்கூடம் திறந்தார். 1898-இல் அவர் மறைந்தார். சமூகத்தின் பெயரில் பேசியபோதும், அந்தச் சமூகத்தைத் தன் காலத்தின் அறிவோடு இணைப்பதே அவருக்கு முதன்மை. சங்கம் என்பதை ஆளுநரிடம் மனுக்கொடுக்கும் கருவியாக மட்டும் அவர் பார்க்கவில்லை.

பௌத்தர் பக்கத்திலும் இதே காலத்தில் பள்ளிக்கூடமே சங்க வாழ்க்கையின் மையமாக இருந்தது. 1880-இல் இலங்கைக்கு வந்த கேணல் ஒல்கொட்டின் பிரம்மஞான சங்கம் கண்டியிலும் வேரூன்றியது. அதன் முயற்சியில் 1887-இல், நாத தேவாலயத்துக்கு அருகே ஒரு சிறு பாடசாலையாகத் தொடங்கியதுதான் தர்மராஜா கல்லூரி. முப்பது ஆண்டுகள் அதன் அதிபராக இருந்து அதை வளர்த்தவர் கே. எஃப். பிலிமோரியா என்ற பார்சி என்பதைக் கண்டிக்காரர் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். கிறிஸ்தவர் பக்கம் திரித்துவக் கல்லூரியும், 1891-இல் எல். ஈ. பிளேஸ் என்ற பறங்கியர் தொடங்கிய கிங்ஸ்வூட் கல்லூரியும் இருந்தன. திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசர் தம் மாணவரைக் கண்டியின் சேரிப்பகுதிகளுக்கு அனுப்பிச் சமூக சேவை செய்யப் பழக்கினார். சிங்களமும் தமிழும் கல்லூரியில் கற்பிக்கப்படவேண்டும் என்றும் வாதாடி அதைச் செய்தார். உயர்குடிப் பிள்ளைகள் சொந்த ஊரின் குடிசைகளை முதன்முதலாகக் கண்ணால் பார்க்க ஒரு கல்லூரிச் சங்கம் தேவைப்பட்டது.

இந்துக்களின் பொதுவாழ்க்கைக்கு எழுத்துமூலச் சான்று குறைவு. காரணம் எளிது. அவர்கள் கூடியது கோயில்களில். கோயிற் கணக்குகளை அக்காலத்து விவரத் தொகுப்புகளான டிரெக்டரிகள் பதிவுசெய்வதில்லை. கண்டிப் பிரதேசத்துக் கடனும் அரிசியும் செட்டியார் கையில் இருந்தன. தங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை ‘மகமை’ என்று ஒதுக்கிக் கோயிலுக்கும் விடுதிக்கும் தர்மத்துக்கும் செலவிடும் வழக்கம் அவர்களிடம் ஊறியிருந்தது. ஆங்கிலேயரின் யாப்புச் சட்டத்துக்கு எவ்வளவோ முன்பே, உறுப்பினர் சந்தாவும் பொதுக் கணக்கும் கொண்ட சங்க வடிவம் இது. 1897 சனவரியில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கொழும்பில் இறங்கிக் கண்டிக்கு வந்தபோது, இந்துக்கள் கோயிற் கொடிகளோடும் மேளத்தோடும் எதிர்கொண்டு வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். அவர் அங்கிருந்து மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் நோக்கிப் போனார். ஒரு நாள் வரவேற்பு என்றாலும், பணம் சேர்த்து, பத்திரம் எழுதி, மேளக்காரரை அழைத்து, ஊர்வலம் ஒழுங்குசெய்யும் ஒரு கூட்டுத்திறன் முன்பே அங்கு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1927 நவம்பரில், கதர் நிதிக்காகக் காந்தி கண்டிக்கு வந்தபோதும் அந்தத் திறன் செயல்பட்டது.

ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிச் சங்கம் என்ற ஏற்பாட்டின் விலை 1915-இல் தெரிந்தது. கம்பளையில் வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் ஒரு பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்தவேண்டுமா என்பதில் தொடங்கிய தகராறு நீதிமன்றத்துக்குப் போனது. இராச்சியம் கைமாறியபோது எழுதப்பட்ட கண்டி உடன்படிக்கையே மேளத்தோடு போகும் உரிமையைத் தமக்குத் தந்திருக்கிறது என்றது தேவாலயத் தரப்பு. 1914-இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. மே 28, பௌத்தரின் வெசாக் இரவு. கண்டி காசில் ஹில் வீதியில் பௌத்தப் பாடற்குழுக்கள் ஊர்வலமாகப் போனபோது பள்ளிவாசலருகே மோதல் வெடித்தது. அங்கிருந்து கலவரம் தீவின் பல பகுதிகளுக்கும் பரவியது. இராணுவச் சட்டம் வந்தது. பல உயிர்கள் போயின.

இன்று அந்த வீதிக்குக் கொட்டுகொடெல்ல வீதி என்று பெயர். நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கதிர்காமத் தேவாலயமும் அதே வீதியில்தான் இருக்கிறது. தமிழ் அந்தணர் பூசை செய்ய, சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வரிசையில் நிற்கும் சந்நிதி அது. ஒரு சந்நிதியில் வேறு சமூகத்தாரோடு சேர்ந்து நிற்கத் தெரிந்த அதே வீதியில், சில அடி தள்ளிப் பௌத்தரும் முஸ்லிம்களும் அடித்துக்கொண்டது ஏன்? வழிபாட்டில் இருந்த உறவுக்கு அமைப்பு வடிவம் இருக்கவில்லை. பிணக்குக்கு மட்டும் இருந்தது. பெரஹராவை நடத்த ஒரு குழு, பள்ளிவாசலைக் காக்க ஒரு குழு, இரு தரப்புக்கும் வழக்கறிஞர்கள், நிதி, தீர்மானங்கள். இரண்டு குழுவும் சேர்ந்து உட்கார ஒரு மேசை மட்டும் ஊரில் இல்லை. மாநகர சபை அந்த மேசையாக இருந்திருக்கலாம். ஆனால் சொத்துள்ள சிலர் மட்டும் வாக்களித்த சபைக்கு அந்தத் தகுதி வரவில்லை.

1920-களில் அரசியல் சங்கங்கள் இந்தப் பிரிவை இன்னும் கூர்மையாக்கின. கண்டியத் தேசிய சபை, கரைநாட்டுச் சிங்களவரின் ஆதிக்கத்துக்கு அஞ்சி, அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் சமஷ்டி ஆட்சி கேட்டது. தோட்டங்களில் வாழும் இந்தியத் தொழிலாளருக்கு வாக்குரிமை கொடுப்பதைக் கண்டியத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தங்கள் கிராமங்களைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் தோட்டமானதில் அவர்களுக்கு இருந்த வேதனை உண்மையானது. ஆனால் அந்த நிலத்தைப் பிடித்தவரிடம் கேட்கவேண்டிய கணக்கை, அதில் கூலிக்கு நின்றவரிடம் கேட்டார்கள். இந்தத் திசைமாற்றத்தின் விளைவை மலையகம் இன்றுவரை சுமக்கிறது.

அதே ஆணைக்குழுவின் முன் வேறொரு குரலும் ஒலித்தது, அதுவும் கண்டியிலிருந்து போன குரல்தான். வழக்கறிஞர் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி அக்னஸ் டி சில்வா பறங்கிய குடும்பத்தில் பிறந்தவர். 1927 டிசம்பரில் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். சாட்சியம் சொல்லப் போனபோது, தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று ஆணையாளர்கள் வினவினார்கள். ஆம், அவர்களும் பெண்கள்தானே என்று அவர் பதில் சொன்னதாக அவரே பின்னர் எழுதினார். அந்தச் சங்கம் முதலில் எழுதிக் கொடுத்தது எல்லாப் பெண்களுக்குமான வாக்குரிமையை அல்ல. படிப்போ சொத்தோ உள்ள பெண்களுக்கு மட்டுமானதை. கேள்வி நேரில் வந்த கணத்தில் அக்னஸ் எழுத்தைத் தாண்டினார். கண்டியின் நூறாண்டுச் சங்க வரலாற்றில், நகரத்தவர் ஒருவர் தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்ணைத் தன் சங்கத்தின் கோரிக்கைக்குள் சேர்த்துப் பேசியதை வேறெங்கும் நான் காணவில்லை. 1931-இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் வேலியாக நின்றன.

இப்போது லயத்துக்கு வருவோம். ஃபெர்குசன் டிரெக்டரியைப் புரட்டினால் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும் ஏக்கரும் துரையின் பெயரும் கிடைக்கும். கழகங்களும் சங்கங்களும் பட்டியலாகக் கிடைக்கும். தொழிலாளர் எங்கும் பெயராக வரமாட்டார்கள். அவர்களிடம் கூட்டு வாழ்க்கையே இருக்கவில்லை என்று இதை வைத்து முடிவு கட்டினால் அது பெரிய அநியாயம்.

காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றியதிலிருந்து காமன் எரிந்து மீண்டும் உயிர்பெறும்வரை, இரவுகள்தோறும் நடக்கும். ரதியும் மன்மதனும் ஆடவேண்டும், வீரபத்திரன் வரவேண்டும், தப்பு முழங்கவேண்டும். வேடம் போடுகிறவர் விரதம் இருக்கவேண்டும். இதற்கு லயம் லயமாகப் பணம் பிரிக்கவேண்டும், எண்ணெயும் துணியும் வாங்கவேண்டும், யார் எந்த வேடம் என்று முடிவுசெய்யவேண்டும், சண்டை வந்தால் தீர்க்கவேண்டும். காலையில் அதே தப்பு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிட ஒலிக்கும். இரவு அது தொழிலாளியின் கையில் தொழிலாளிக்காகவே முழங்கும். பகல் முழுவதும் துரைக்கும் மேற்பார்வையாளரான கங்காணிக்கும் உரியவர்களாக இருந்த மனிதர், இந்தச் சில இரவுகளில் தமக்குள்ளேயே பொறுப்புகளைப் பகிர்ந்து, கணக்கு வைத்து, ஒரு காரியத்தை முடித்துக்காட்டினார்கள். மாரியம்மன் திருவிழாவும் அப்படியே. சாவு வீட்டுக்கு ஒவ்வொரு குடும்பமும் கொடுக்கும் அரிசியும் காசும் அப்படியே. யாப்பும் பதிவு இலக்கமும் இல்லாத சங்கங்கள் இவை.

இவற்றுக்கும் எல்லை இருந்தது. அதை மறைத்து எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையல்ல. திருவிழாவுக்குத் துரையின் அனுமதி வேண்டும். முதல் மரியாதை பெரியகங்காணிக்கு. கடன்பட்ட தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், அவருடைய கடனை எழுதிக்கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். 1921-இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. சாதி வரிசை லயத்திலும் கோயில் முற்றத்திலும் அப்படியே நின்றது. கூலியைப் பற்றியோ வேலை நேரத்தைப் பற்றியோ கூடிப்பேச அந்த முற்றத்தில் இடமில்லை. வெளியாள் தோட்டத்துக்குள் வந்தால் அத்துமீறல் என்று பிடித்துக்கொடுக்கலாம்.

துரைமாரின் தாய்நாடான இங்கிலாந்தில் 1871-இலேயே தொழிற்சங்கம் சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டது. இலங்கையில் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935-இல் வந்தது. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் அதற்கு முன்பே, 1931-இல், அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிவிட்டார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். காசில்லாதவர்களிடம், வாசிக்கத் தெரியாதவர்களிடம் சங்கம் என்ற எண்ணத்தைக் கொண்டுபோகப் பாட்டே வழியாக இருந்தது.

மடுல்கலைப் பக்கம் றெலுகாஸ் தோட்டத்தில் பயிற்சித் துரையாக இருந்த பிரேஸ்கேர்டில் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் தொழிலாளரோடு நெருங்கிப் பழகியதால் வேலையிழந்தார். பிறகு 1937-இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் மேடையேறித் துரைமாரைக் கண்டித்தார். ஆளுநர் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. எண்பது ஆண்டுகளாக அரசாங்கத்தைத் தன் பக்கம் வைத்திருந்த தோட்டக்காரர் சமூகத்துக்கு, தன் நிறத்துக்காரர் ஒருவரே எதிர்மேடையில் நின்றது தாங்கமுடியாத அவமானம்.

1940 சனவரி. ஹேவாஹெட்டையில் முல்லோயாத் தோட்டம். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இருப்பதும் இதே ஹேவாஹெட்டையில்தான். இந்தச் சாவு கொழும்பையும் உலுக்கியது. முல்லோயா விவகாரத்தில் பொலிஸ்மா அதிபர் அமைச்சருக்குக் கட்டுப்பட்டவரா என்று எழுந்த தகராறில் அமைச்சர் குழுவே பதவி விலகியது. அதே ஆண்டு தோட்ட முதலாளிகளோடு தொழிற்சங்கங்கள் ஏழு அம்ச உடன்படிக்கை செய்துகொண்டன. தொழிலாளரின் சங்கத்தை முதலாளிகள் ஏற்பதும், தோட்டத்தில் கூட்டம் கூட வழிவிடுவதும் எழுத்தில் வந்தன. கண்டியில் துரைமார் கூடிச் சங்கம் அமைத்து அப்போது 86 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஓராண்டு முன்பு, 1939-இல், நேருவின் வருகையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்திருந்தது. அதை வளர்த்தவர்களில் புசல்லாவையில் சரசுவதிப் பாடசாலையை உருவாக்கிய கே. இராஜலிங்கம் முக்கியமானவர். படிக்கத் தெரிந்த ஒருவர் தோட்டத்தில் இருந்தால்தான் சங்கக் கணக்கு சங்கத்திடமே இருக்கும் என்பதை உணர்ந்தவர்கள் இந்தத் தலைமுறை. 1947 பொதுத் தேர்தலில் காங்கிரசுக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. நாவலப்பிட்டியில் வென்றவர் இராஜலிங்கம்.

அடுத்த ஆண்டே தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமையும் போனது. 1950-இல் அந்த அமைப்பு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. நாடாளுமன்றத்தின் கதவு மூடப்பட்ட பிறகு, அரசாங்கத்தோடு பேச மலையக மக்களுக்கு எஞ்சியது தொழிற்சங்கம் ஒன்றுதான். அதனால் அதன் மேல் எல்லாம் ஏறியது. கூலிப் பேச்சு, கச்சேரிக்கு எழுதும் விண்ணப்பம், குடியுரிமைப் படிவம், கோயில் திருவிழா, பிள்ளையின் பள்ளி அனுமதி, புருசன் பெண்சாதி சண்டை, சாவுச் செலவு என்று எதற்கும் தோட்டத்துத் தலைவர் வீட்டு வாசலில் ஆள் நின்றார்கள். நகரத்தில் பத்துச் சங்கங்கள் பகிர்ந்து செய்த வேலையை மலையில் ஒரே சங்கம் செய்தது. தொழிற்சங்கத் தலைமைகளிடம் குவிந்த அதிகாரத்தைப் பற்றி இன்று எழும் குறைகளில் நியாயம் உண்டு. அந்தக் குவிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர் கட்சி அலுவலகங்களைப் பார்த்தால் மட்டும் போதாது, கண்டி வாவிக்கரையிலிருந்து முல்லோயா வரை இந்த நூறாண்டையும் படிக்க வேண்டும்.